மரியாளின் அம்மா

எம்.ரெட்டியபட்டி
10.11.2024

அன்புள்ள ஜெபக்கனி மதினிக்கு,

தங்கலட்சுமி எழுதிக்கொள்வது. இங்கே நான், எங்கள் வீட்டுக்காரர், என் மகன் ராஜகுரு, உங்கள் மகள் சுகந்தி, மாடு இரண்டு, எல்லோரும் நலம். அங்கே நீங்களும் சின்னத்துரை அண்ணனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன் பண்ணினால் எடுக்கிறீர்கள். “தங்கலட்சுமி பேசுறேன்” என்றதும் வைத்துவிடுகிறீர்கள். காகிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது பாருங்கள். அடுத்த வரியில் என்ன எழுதித் தொலைத்திருக்கிறாளோ என்று கண் தானாக ஓடும். அதனால்தான் தபாலாபீசில் போய் இன்லாண்டு லெட்டர் கேட்டேன். அங்கே இருந்த தம்பி என்னை ஏற இறங்கப் பார்த்தான். பார்த்தால் பார்க்கட்டும்.

போன வருஷம் இவர்கள் இரண்டு பேரும் ரிஜிஸ்தர் கல்யாணம் முடித்துக்கொண்டு மாலையும் கழுத்துமாக வந்து நின்றபோது எனக்கும் கோபம்தான், மதினி. ஒரு வாரம் ராஜகுருவுக்கு நான் சோறு போடவில்லை. அவளுக்கு மட்டும் போட்டேன். வந்த பிள்ளை என்ன செய்யும், பாவம். இவன்தானே அவள் வேலை பார்த்த இ-சேவை மையத்துக்குப் பட்டா வாங்கப் போகிறேன் என்று தினமும் போய் நின்றவன்!

இப்போது அவளுக்கு எட்டாவது மாதம். தை பிறப்பதற்கு முன்னால் பிள்ளை பிறந்துவிடும் என்று எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். ஐப்பசி பிறந்ததும் வளைகாப்புப் போட்டோம். உங்களுக்கும் பத்திரிகை அனுப்பினேன். அவள் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக் காலியாகவே வைத்திருந்தேன். “இது யாருக்கு?” என்று வந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். “அவுக அம்மா வாராக, பஸ்ஸு லேட்டு” என்று சொன்னேன். பந்தி முடிந்து பாத்திரம் கழுவி வைக்கிற வரைக்கும் அந்தப் பஸ்ஸு வரவில்லை. கடைசியில் என் கொழுந்தன் பெண்சாதி பேச்சி அந்த நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவளைத் தூக்கி வெளியே போட்டிருப்பேன்.

நம்ம பக்கம் வளையல் போட்ட கையோடு பிள்ளையைத் தாய்வீட்டுக்குக் கூட்டிப் போவதுதான் முறை. தலைப்பிரசவம் அங்கேதான். இதை நான் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அவள் வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை. ஆனால் உங்கள் ஊர் அருப்புக்கோட்டை போர்டு போட்ட பஸ்ஸு போகும்போதெல்லாம் வாசலுக்கு வந்து நிற்கிறாள். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. வந்து கூட்டிப் போங்கள், மதினி.

இந்தக் கடிதம் எழுதுவது அவளுக்குத் தெரியாது.

இப்படிக்கு,
உங்கள் மதினி,
தங்கலட்சுமி


அருப்புக்கோட்டை
17.11.2024

திருமதி தங்கலட்சுமி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. முழுவதும் வாசித்தேன்.

என்னை மதினி என்று எழுத வேண்டாம். அந்த உறவை நாங்கள் செய்யவில்லை. எங்களைக் கேட்காமல் செய்துகொண்டார்கள். சுகந்தியின் அப்பா எங்கள் சபையின் கமிட்டியில் இருந்தவர். மகள் ஆலயத்தில் மணமுடிக்காமல் போன அந்த வாரமே, “என் வீட்டை நடத்தத் தெரியாதவன் சபையை நடத்தக் கூடாது” என்று எழுதிக் கொடுத்துவிட்டு விலகிவிட்டார். இப்போது ஆராதனைக்குப் போனால் கடைசிப் பெஞ்சில் உட்காருகிறார். அதை நான் ஒவ்வொரு ஞாயிறும் பார்க்கிறேன். அவர் அவளிடம் “இனி இந்த வாசலை மிதிக்காதே” என்று சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்த வார்த்தை அப்படியேதான் இருக்கிறது.

அவள் நெற்றியில் பொட்டும் கழுத்தில் வேறு சாமியின் கயிறுமாக இருப்பாள். அதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

அவளுக்காகத் தினமும் ஜெபிக்கிறேன். தூரத்தில் இருந்து என்னால் செய்ய முடிந்தது அதுதான். அது போதும்.

இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பிட அவளுக்குப் பிடிக்காது. குமட்டுகிறது என்று குப்பையில் போடுவாள். பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சி. ஜெபக்கனி


எம்.ரெட்டியபட்டி
22.11.2024

அன்புள்ள மதினிக்கு,

மதினி என்று எழுதாமல் வேறு எப்படி எழுத? திருமதி என்று ஆரம்பித்தால் கரண்டு பில்லு மாதிரி இருக்கிறது. நீங்கள் கோபப்பட்டாலும் பரவாயில்லை, நான் இப்படித்தான் எழுதுவேன்.

மாத்திரை விஷயம் நீங்கள் சொன்னது அப்படியே சரி! உங்கள் கடிதம் வந்த அன்றே பின்வாசல் குப்பையைக் கிளறிப் பார்த்தேன். அட ஆத்தீ, செக்கச்செவேலென்று கிடக்கிறது. இப்போது என் கண் முன்னால் முழுங்க வைக்கிறேன். “ஒங்களுக்கு யாருத்தே சொன்னா?” என்று கேட்டாள். “மாடு சொல்லுச்சு” என்றேன்.

பொட்டு, கயிறு என்று எழுதியிருந்தீர்கள். கழுத்தில் நாங்கள் போட்ட தாலிச் சங்கிலி இருக்கிறது. வேறு கயிறு கிடையாது. பொட்டு வைப்பது அவள் இஷ்டம் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். அவள் வைப்பதில்லை. எங்கள் குலசாமி கும்பிடுக்குக் கூப்பிட்டோம். வந்து பொங்கலுக்கு அரிசி களைந்து கொடுத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொண்டாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊரில் இருக்கிற சின்ன வேதக்கோயிலுக்கு ஷேர் ஆட்டோவில் போகிறாள். வயிறு பெரிதான பிறகு நானும் கூடப் போகிறேன். நான் உள்ளே போவதில்லை. வெளியே உட்கார்ந்து உளுந்து விலை பேசிக்கொண்டிருப்பேன். ஆனால் பாட்டு நன்றாக இருக்கிறது, மதினி.

இப்போது நான் எழுதுவது ஒரு சந்தேகம் கேட்பதற்கு. ராத்திரிச் சோறு ஆக்கும்போது உங்கள் மகள் ஏதோ நட்சத்திரப் பாட்டை முணுமுணுக்கிறாள். “ஏத்தா, ஒங்க கிறிஸ்மஸ்ஸு வருதுல்ல, என்ன செய்யணும்னு சொல்லு, செஞ்சுருவோம்” என்றேன். “ஒண்ணும் வேணாம் அத்தே” என்கிறாள். ஒரு பொம்பளை ஒன்றும் வேண்டாம் என்றால் எல்லாம் வேணும் என்றுதானே அர்த்தம்!

நீங்கள் வருஷா வருஷம் கோயிலில் சின்னப் பிள்ளைகளை வைத்து கிறிஸ்மஸ் நாடகம் போடுவீர்களாமே. இவள்தான் சின்ன வயதில் மரியாளாக வருவாளாம், நீலச் சேலை கட்டிவிடுவீர்களாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்தக் கதை எனக்கு முழுசாகத் தெரியாது. நட்சத்திரம் தெரியும், கேக் தெரியும், சிவப்புச் சட்டைத் தாத்தா தெரியும். எனக்குக் கதையைச் சொல்லுங்கள். அது எதற்கு உங்களுக்கு அவ்வளவு பெரிய விஷயம் என்றும் சொல்லுங்கள். அவளிடம் கேட்டால் அழுதுவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கலட்சுமி


அருப்புக்கோட்டை
30.11.2024

அன்புள்ள தங்கலட்சுமி அவர்களுக்கு,

பதில் போட வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நான் டீச்சர். யாராவது கேள்வி கேட்டால் எனக்கு வாய் சும்மா இருக்காது.

கதை இதுதான். நாட்டை ஆண்ட ராயன் எல்லாரும் அவரவர் பூர்வீக ஊருக்குப் போய்ப் பேர் பதிய வேண்டும் என்று உத்தரவு போட்டான். மரியாள் நிறைமாத கர்ப்பிணி. அவளுக்குப் புருஷனாக நியமிக்கப்பட்டவன் யோசேப்பு, தச்சன். அவன் பூர்வீகம் பெத்லகேம். அவ்வளவு தூரமும் அவளைக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே சத்திரத்தில் இடம் இல்லை. மாடு கட்டுகிற இடத்தில் பிள்ளை பிறந்தது. அதைத் துணியில் சுற்றி, மாட்டுக்குத் தீவனம் வைக்கிற தொட்டியில் கிடத்தினார்கள். அந்தச் சேதி முதலில் போய்ச் சேர்ந்தது அரண்மனைக்கு இல்லை. வயல்வெளியில் கிடை காத்துக்கொண்டிருந்த ஆட்டுக்காரர்களுக்கு.

அது எதற்கு எங்களுக்குப் பெரிய விஷயம் என்று கேட்டிருக்கிறீர்கள். பரலோகத்தில் இருப்பவருக்கு அங்கே இருந்துகொண்டே நம்மை நேசிக்க முடியாதா? முடியும். அங்கே இருந்தே ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் தூரத்தில் இருந்து நேசித்தது போதும் என்று அவர் இருக்கவில்லை. தம்முடைய வீட்டை விட்டு இறங்கி வந்தார். அதிகாரியாக வரவில்லை, தூக்கி வைத்துப் பால் கொடுத்தால்தான் பிழைக்கும் என்கிற கைப்பிள்ளையாக வந்தார். இம்மானுவேல் என்று அவருக்கு ஒரு பேர் உண்டு. தேவன் நம்மோடு இருக்கிறார் என்று அர்த்தம். மேலே இருக்கிறார் என்று இல்லை, நம்மோடு.

நீங்கள் கேட்டதால் இன்னொன்றும் சொல்கிறேன். இப்போது எங்கள் ஆட்களுக்கே இது மறந்துபோகிறது. யார் வீட்டு நட்சத்திரம் பெரிசு, எந்தப் பாடகர் குழுவுக்கு என்ன கலரில் சேலை, கேக்குக்கு எங்கே ஆர்டர் கொடுப்பது, இதிலேயே டிசம்பர் போய்விடுகிறது. போன வருஷம் நாடகத்தில் சத்திரக்காரனாக நடித்த பையன், “இடம் இல்லை, போங்கள்” என்று சொல்ல மாட்டேன் என்று அழுதான். அவனைச் சமாதானம் பண்ணி நான்தான் சொல்ல வைத்தேன். வசனத்தை மாற்ற முடியாதே.

வீட்டில் பொம்மைகளை வைத்து, அந்த மாட்டுத்தொழுவம் மாதிரி ஒரு சின்னக் குடில் வைத்தால் சுகந்திக்குப் பிடிக்கும். எங்கள் வீட்டில் அவள்தான் வைப்பாள். இந்த வருஷம் நாங்கள் வைக்கப்போவதில்லை.

அவள் விஷயத்தில் என் நிலையில் மாற்றம் இல்லை. கால் வீங்கினால் உயர்த்தி வைத்துப் படுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஜெபக்கனி


எம்.ரெட்டியபட்டி
08.12.2024

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் கடிதத்தை நான் மூன்று பேருக்கு வாசித்துக் காட்டிவிட்டேன். எங்கள் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேச மாட்டார், உங்களுக்குத் தெரியாது. அவரே, “சாமி ஆட்டுக்காரங்ககிட்டத்தான் முதல்ல சொல்லிவிட்டுச்சா? நல்ல சாமியா இருக்கே” என்றார். அவருடைய அப்பா கிடை போட்டவர், அதனால் பெருமை.

எனக்கு எது பிடித்தது தெரியுமா? எங்கள் பக்கத்துச் சாமி அரிவாளோடு குதிரை மேல் நிற்கும். எல்லையைக் காக்கிற சாமி, அது அப்படித்தான் நிற்கணும். பார்த்தால் கும்பிடத் தோன்றும். உங்கள் சாமியைப் பார்த்தால் தூக்கத் தோன்றுகிறது. தூக்கி வைத்துக்கொள்ளணும் என்றே ஒரு சாமி வந்தது என்றால், அது எம்புட்டுப் பெரிய மனசு, மதினி! நான் மதம் மாறப் போகிறேன் என்று நினைக்காதீர்கள். நல்லதை நல்லது என்று சொல்வதற்கு மதம் எதற்கு?

சரி, குடில் விஷயம். கடையில் பொம்மை விலைக்கு விற்கிறது என்றான் ராஜகுரு. வேண்டாம், நானே செய்கிறேன் என்றேன். கண்மாய்க்குள் மழைத்தண்ணீர் ஏறுவதற்கு முன்னால் மண் எடுத்து வந்து பிசைந்தேன். பொம்மை எல்லாம் நம்ம ஊர்க் கருப்பாக வந்திருக்கிறது. யோசேப்புக்கு மூக்கு உடைந்துவிட்டது, ஒட்டி வைத்தேன். மாடு மட்டும் நிஜ மாடு மாதிரியே இருக்கிறது, அதைத்தானே தினமும் பார்க்கிறேன். தொழுவுக்குள்ளேயே ஒரு மூலையில் குடிலைப் போட்டேன். முதல் நாள் வைக்கோல் கூரை மேய்ந்தேன். மறுநாள் காலையில் ஆடு கூரையைத் தின்றுவிட்டது. இப்போது தென்னங்கிடுகு போட்டிருக்கிறேன்.

எல்லாம் முடித்துவிட்டுச் சுகந்தியைக் கூப்பிட்டேன். ஆ என்று பார்த்தாள். ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஆட்டுக்காரர்களைப் பார்த்துச் சிரித்தாள், எல்லோருக்கும் என் வீட்டுக்காரர் மீசை. அப்புறம் மரியாளுக்குப் பின்னால் இருந்த பொம்மையைக் காட்டி, “இது யாருத்தே?” என்றாள்.

“அவ அம்மாதான்டி.”

“யாரு அம்மா?”

“மரியாளோட அம்மா. தலைப்பிரசவத்துக்கு அம்மாக்காரி இல்லாம எப்படி? பிள்ளைய வாங்கித் துணியில சுத்துறதுக்கு ஆள் வேணாமா?”

பாருங்கள், உங்கள் கடிதத்தில் அந்த அம்மாவைப் பற்றி ஒன்றும் இல்லை. அது சொல்லாமலே தெரிந்த விஷயம் என்று விட்டுவிட்டீர்கள் என்றுதான் நான் நினைத்தேன். அதனால் ஒரு நல்ல பொம்பளையாகச் செய்து, மூக்குத்தி வைத்து, கையில் ஒரு துணியும் கொடுத்து மரியாள் தலைமாட்டில் உட்கார வைத்திருந்தேன்.

சுகந்தி சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். போய்ப் பார்த்தால் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். ராத்திரி சாப்பிடவில்லை.

எனக்கு மனசு கேட்கவில்லை, மதினி. உங்கள் சாமிக்கு ஆகாத எதையும் செய்துவிட்டேனா? நீங்கள் சொன்னால் சரி செய்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கலட்சுமி


அருப்புக்கோட்டை
14.12.2024

அன்புள்ள தங்கலட்சுமி,

தப்பு என்றால் தப்புதான். ஆனால் கெட்ட தப்பு இல்லை. பயப்பட வேண்டாம்.

மரியாளின் தாய் அங்கே இருந்ததாக வேதத்தில் இல்லை. எந்த ஊர்க் குடிலிலும் அந்தப் பொம்மை கிடையாது. நாங்கள் போடும் நாடகத்திலும் அப்படி ஒரு வேஷம் இல்லை. தாய்வீடு நாசரேத்தில் இருந்தது. பேர் பதிகிற உத்தரவால் அவள் அந்த நேரத்தில் அங்கே இருந்து கிளம்ப வேண்டியதாயிற்று. அதனால் தாய் கூட இல்லை.

உங்களுக்குச் சரியாகச் சொல்ல வேண்டுமே என்று வேதத்தை எடுத்து அந்த இடத்தைத் திரும்ப வாசித்தேன். மனப்பாடமாகத் தெரிந்த இடம்தான். பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டது. போன கடிதத்தில் உங்களுக்கு “துணியில் சுற்றிக் கிடத்தினார்கள்” என்று எழுதினேன். அப்படி இல்லை. அவளே பெற்றாள், அவளே துணியில் சுற்றினாள், அவளே தொட்டியில் கிடத்தினாள். எல்லாம் அவளே என்றுதான் இருக்கிறது.

சுகந்தி பிறந்த அன்றைக்கு எனக்குக் கையைத் தூக்க முடியவில்லை. என் அம்மாதான் அவளை வாங்கிச் சுற்றினார்கள். பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது, பழைய நூல் சேலைதான் மெத்தென்று இருக்கும் என்று தன் சேலையையே கிழித்தார்கள்.

நான் என்ன எழுத வந்தேன் என்பதே மறந்துவிட்டது. வேதத்தில் இல்லாததை வைக்கக் கூடாது. அந்தப் பொம்மையை எடுத்துவிடுங்கள்.

அன்று ராத்திரி சாப்பிடவில்லை என்றீர்கள். மறுநாளாவது சாப்பிட்டாளா? அதை எழுதாமல் விட்டுவிட்டீர்களே.

ஜெபக்கனி


எம்.ரெட்டியபட்டி
18.12.2024

அன்புள்ள மதினிக்கு,

சாப்பிட்டாள். மறுநாள் காலையில் கம்பங்கூழும் மோர்மிளகாயும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். உங்களுக்கு எழுத மறந்ததற்கு என்னை நாலு திட்டுத் திட்டுங்கள்.

உங்கள் கடிதம் வந்ததும் பொம்மையை எடுக்கத் தொழுவுக்குப் போனேன். பெரியவர்கள் சொன்னால் கேட்கணும் இல்லையா. கையில் எடுத்தும்விட்டேன். அந்த நேரம் பார்த்துச் சுகந்தி வந்து நின்றாள்.

“எதுக்குத்தே எடுக்குறீங்க?”

“உங்க வேதத்துல இல்லையாம்ல. எடுத்துரணுமாம்.”

“யாரு சொன்னா?”

எனக்குப் பொய் சொல்ல வராது. வளைகாப்பில் சொன்ன ஒரு பொய்யே இன்னும் குத்திக்கொண்டிருக்கிறது. முந்தானையில் முடிந்து வைத்திருந்த உங்கள் கடிதத்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன். கையெழுத்தைப் பார்த்ததும் தொழுவில் கிடந்த கல்லில் உட்கார்ந்து வாசித்தாள். உங்கள் அம்மா சேலை கிழித்த இடத்தில் நின்றுவிட்டாள். திரும்ப மேலே போய் வாசித்தாள். அப்புறம் என் கையில் இருந்த பொம்மையை வாங்கி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள்.

“இருக்கட்டும் அத்தே. வேதத்துல வரலைன்னாலும், அந்தம்மா மனசு அங்கனதான் இருந்திருக்கும்” என்றாள்.

இப்போது நான் யார் பேச்சைக் கேட்க? வேதம் படித்தவர் எடு என்கிறீர்கள், பிள்ளைத்தாய்ச்சி வை என்கிறாள். நீங்களே ஒரு முடிவு சொல்லுங்கள். நீங்கள் எடு என்றால் அவளை நான் சமாதானம் பண்ணி எடுத்துவிடுகிறேன்.

இன்னொன்று. நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனோம். தலை இறங்கிவிட்டது, எந்த நேரமும் வலி எடுக்கலாம் என்றார்கள். பிரசவ நேரத்தில் கூட இருக்க ஒரு பொம்பளை வரலாமாம். “யாரும்மா வருவாங்க?” என்று நர்ஸம்மா கேட்டார்கள். இவள் வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அப்புறம், “எங்க அத்தை” என்றாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். நான் போவேன். கையைப் பிடித்துக்கொள்வேன். பிள்ளையை வாங்குவேன், சுற்றுவேன். ஆனால் எனக்குப் பொம்பளைப் பிள்ளை கிடையாது, மதினி. வலி எடுக்கும்போது பிள்ளைகள் யாரைக் கூப்பிடும் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அவள் “அம்மா” என்று கத்தும்போது நான் என்ன சொல்ல? இன்னும் பஸ்ஸு வரலை என்றா?

அண்ணனுக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கலட்சுமி


அருப்புக்கோட்டை
21.12.2024

பிரியமுள்ள மதினி தங்கலட்சுமிக்கு,

பொம்மையை எடுக்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தை அவர் முன்னால் உட்கார்ந்து சத்தமாக வாசித்தேன். கேட்க மாட்டேன் என்று எழுந்து போனார். நான் நிறுத்தாமல் வாசித்தேன். அடுத்த அறையில் நடமாட்டச் சத்தம் நின்றுவிட்டது. வாசித்து முடித்துவிட்டுச் சொன்னேன்: “தூரத்துல இருந்து நேசிச்சது போதும்னு நெனைக்காம எறங்கி வந்தாருன்னு நான் ஊரு பிள்ளைங்களுக்கெல்லாம் சொல்லிக்குடுக்குறேன். இவுகளுக்கும் எழுதினேன். ஆனா நான் எறங்கலை. எம் மகளைத் தூரத்துல வச்சே ஜெபிச்சேன். அது போதும்னு எழுதிக் கையெழுத்தும் போட்டேன். சத்திரக்காரன் பேச வேண்டிய பேச்சு அது.”

எனக்கு அவர் மேல் கோபம் இல்லை, மதினி. அவர் மானஸ்தர், அந்தக் கடைசிப் பெஞ்சு அவரை ரொம்ப வருத்திவிட்டது. அவர் வருவார் என்று உங்களுக்கு நான் வாக்குக் கொடுக்க முடியாது. நான் வருகிறேன், செவ்வாய்க்கிழமை காலையில். அதற்குள் வலி எடுத்தால் போன் பண்ணுங்கள், இந்தத் தடவை வைக்க மாட்டேன்.

யோசித்துப் பார்த்தேன். மரியாளின் தாய்க்கு எத்தனையோ நாள் நடை. அவள் நினைத்தாலும் போயிருக்க முடியாது. எனக்கு என்ன வந்தது? ஒரு பஸ்ஸு தூரம். டிக்கெட் எடுத்து உட்கார்ந்து, ஒரு தூக்கம் போடுவதற்குள் ரெட்டியபட்டி வந்துவிடும். இந்தத் தூரத்தைத்தான் நான் ஒரு வருஷமாகக் கடக்கவில்லை.

பாலர் நாடகத்தை இந்த வருஷம் அருஞ்சுனை டீச்சரிடம் ஒப்படைத்துவிட்டேன். “கிறிஸ்மஸ் அன்னைக்கு ஆராதனைக்கு இல்லாம எங்க போறீங்க?” என்று கேட்டாள். “பெத்லகேமுக்கு” என்றேன். அவளுக்குப் புரிந்ததோ என்னவோ. சத்திரக்காரனாக நடிக்கும் பையன் இந்த வருஷமும் அடம்பிடிக்கிறானாம். அவன் இஷ்டத்துக்கு விட்டுவிடு, கதவைத் திறக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். யார் என்ன சொன்னாலும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

அவளை இங்கே கூட்டிவர இனி நேரம் இல்லை. அலைக்கழிக்கவும் கூடாது. உங்கள் வீட்டிலேயே நான் தங்குகிறேன். எனக்கென்று தனியாக எதுவும் செய்ய வேண்டாம், தொழுவுக்குப் பக்கத்தில் ஒரு பாய் போதும். பிள்ளை பெற்ற மருந்துக்குச் சுக்கு, மிளகு, திப்பிலி எல்லாம் வறுத்து இடித்துவிட்டேன். என் பழைய நூல் சேலை ஒன்றைக் கிழித்து, வெந்நீரில் போட்டுத் துவைத்து, வெயிலில் காயப் போட்டிருக்கிறேன். பிரசவ அறைக்குள் நீங்கள் போகிறீர்களா, நான் போகிறேனா என்று நாம் இரண்டு பேரும் சண்டை போட வேண்டாம். சுகந்தி சொல்கிறபடி செய்வோம்.

நான் பையை எடுத்து வைக்கும்போது அவர் வாசலில் நின்று, “செவ்வாய்க்கிழமை எத்தனை மணி பஸ்ஸு?” என்று மட்டும் கேட்டார். “எட்டு மணிக்கு” என்றேன். “பை கனமா இருக்கு. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தூக்கிட்டு வாரேன்” என்றார். மதினி, இப்போதைக்கு அதுவே எனக்குப் பெரிசு.

சுகந்தியிடம் சொல்லுங்கள். வாசலில் நிற்கச் சொல்லாதீர்கள், கால் வீங்கும். நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். பக்கத்தில் இன்னொரு நாற்காலியும் போட்டு வையுங்கள். இந்தத் தடவை பேச்சியை உட்கார விட்டுவிடாதீர்கள்.

வளைகாப்பு அன்றைக்கு நீங்கள் பொய் சொல்லவில்லை, மதினி. பஸ்ஸு லேட்டுதான். வந்துகொண்டிருக்கிறது.

உங்கள் மதினி,
சுகந்தியின் அம்மா,
ஜெபக்கனி